சேதாரமில்லாத வெற்றி

“சேதாரம் இல்லை” என்று நகைக்கடைகளில் பலகை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்கிறவர்களிடம் போய் இந்தப் பலகையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். உருக்கினால் கொஞ்சம் போகும். அராவினால் கொஞ்சம் போகும். மெருகு போட்டால் இன்னும் கொஞ்சம் போகும். ஒன்றுமே போகாமல் ஒரு கொலுசும் உருவாவதில்லை. சேதாரம் இல்லை என்று பலகை மாட்டியவர் சேதாரத்தை ஒழித்துவிடவில்லை. அதை வேறொரு பத்தியில் எழுதி வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

நகை விஷயத்தில் இது சின்னச் சாமர்த்தியம். வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும். ஆனால் இதே பலகையை மனிதர்களின் விஷயத்தில் மாட்டினால் என்ன ஆகும்? “ஒருவரையும் இழக்காமல் வென்றேன்” என்று ஒருவன் சொன்னால் அவனைக் கையெடுத்துக் கும்பிடுவதா, கணக்குப் புத்தகத்தைக் காட்டு என்று கேட்பதா? சில மாதங்களாக இந்தக் கேள்வி என்னை விடுவதாயில்லை.

கேள்வியைக் கிளப்பியவன் எங்கள் தெருப் பையன் ஒருவன். நான் குடியிருக்கும் ஃபேர்லேண்ட்ஸ், சேலத்தில் கொஞ்சம் வசதியானவர்கள் வாழும் பகுதி. அகலமான தெருக்கள், ஆஸ்பத்திரிகள், மாடியில் நின்றால் ஏற்காட்டு மலை தெரியும். பிள்ளைகளுக்குத் தனி அறை, அறைக்குள் ஒரு கம்ப்யூட்டர். பதினேழு வயதுள்ள அந்தப் பையன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் ஒரு பழைய யுத்த விளையாட்டில் உட்கார்ந்துவிடுவான். ‘ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக்’ என்ற அந்த விளையாட்டின் மூன்றாம் பாகம் வெளிவந்தது 1999ல். அவன் பிறப்பதற்கும் முன்னால். இருந்தாலும் அதை ஆடுகிற கூட்டம் இன்னும் உலகமெங்கும் இருக்கிறது.

அதில் கோட்டைகள் உண்டு, மந்திரவாதிகள் உண்டு, நடைப்பிணங்களும் பறக்கும் நாகங்களும் உண்டு. ஒரு வில்லாளியின் படம் கட்டத்தில் நிற்கும். அதன் காலடியில் நாற்பது என்று ஓர் எண் இருந்தால் அங்கே நாற்பது வில்லாளிகள் நிற்பதாக அர்த்தம். அடி விழுந்தால் எண் குறையும். செத்தவன் விழுவதைப் பார்க்க முடியாது; கழித்தல் கணக்குத்தான் தெரியும். பையன் தனக்கென்று ஒரு விரதம் வைத்திருந்தான். எந்தச் சண்டையிலும் தன் படையில் ஒருவன்கூடச் சாகக் கூடாது. எதிரிக்கு நடையைத் தளர்த்தும் மந்திரம் போடுவான். அவன் தள்ளாடி வந்து சேருவதற்குள் வில்லாளிகளை வைத்து எட்டத்திலிருந்தே முடித்துவிடுவான். கைகலப்பில் யாராவது விழுந்துவிட்டால், இறந்தவர்களை எழுப்பும் சக்தி படைத்த தேவதூதர் படை ஒன்று உண்டு. அதைக் கொண்டு எழுப்பிவிடுவான். சண்டை முடிந்ததும் திரையில் சேதப் பட்டியல் வரும். தன் பக்கத்தில் ‘ஒருவருமில்லை’ என்று பார்த்தால்தான் அவனுக்கு அன்று சாப்பாடு இறங்கும்.

“ஆள் போயிட்டா என்னப்பா பண்ணுவே?” என்று கேட்டேன்.

“பழையபடி சேவ் பண்ண எடத்துக்குப் போய் மறுபடி ஆடுவேனுங்க மாமா.”

“இந்தச் சண்டையை எத்தனை தரம் ஆடினே?”

“பதினோரு தரமுங்க.”

“முதல் பத்துத் தரமும் செத்தவங்க?”

அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான். “அதெல்லாங் கணக்குல வராதுங்க மாமா” என்றான்.

‘கணக்கில் வராது.’ சாதாரணமாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் உலகத்தில் பெரியவர்கள் நடத்துகிற எத்தனையோ காரியங்களின் அடியில் இந்த இரண்டு சொல் புதைந்து கிடக்கிறது.

அந்தப் பையனைப் பரிகாசம் செய்ய நான் இதை எழுதவில்லை. அவனுடைய விரதம் உயர்ந்த விரதம் என்றே நினைக்கிறேன். ஆள் போனால் போகட்டும், ஊர் கிடைத்தால் சரி என்று ஆடுகிற பிள்ளைகளுக்கு நடுவே ஒருவன், பெயரில்லாத ஒரு நிழல் வில்லாளிக்காகத் தன் இரவுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறான் என்றால் அவன் மனசில் நல்லதொரு நரம்பு ஓடுகிறது. உண்மையான தளபதிகளில் எத்தனை பேருக்கு அந்த நரம்பு இருந்தது? 1916 ஜூலை 1ந் தேதி பிரான்ஸில் ஸோம் நதிப் பிரதேசத்தில் பிரிட்டிஷ் சேனை தாக்குதலைத் தொடங்கியது. அந்த ஒரே நாளில் அந்தச் சேனையில் மட்டும் 19,240 பேர் மாண்டார்கள். மறுநாள் தாக்குதல் நிற்கவில்லை. நவம்பர் மாதம் வரை நடந்தது. அந்தத் தளபதிகளை நினைக்கும்போது எங்கள் தெருப் பையன் மகாத்மாவாகத் தெரிகிறான்.

ஜப்பானியர் 1990ல் ‘ஃபயர் எம்பளம்’ என்றொரு விளையாட்டைச் செய்தார்கள். அதில் வீரர்கள் எண்களல்லர். ஒவ்வொருவனுக்கும் பெயர் உண்டு, முகம் உண்டு. செத்தவன் செத்தவன்தான், அடுத்த சண்டைக்கு வரமாட்டான். ஆகவே ஆடுகிறவர்கள் ஒரே ஒருவன் செத்தாலும் மனம் பொறுக்காமல் முதலிலிருந்து தொடங்கினார்கள். பெயர் வைத்தவுடன் மனிதனுக்கு மனசு வந்துவிடுகிறது, பாருங்கள்.

நம் முன்னோர்களுக்கும் இது தெரிந்திருந்தது. செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள் ஏராளம். ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்கு ஊரார் கல் நட்டு, அதில் அவன் பெயரைப் பொறித்தார்கள். எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் ஒன்றில், மாண்ட வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன். சுமார் ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன் செத்த நாயின் பெயர் இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது. அந்த ஊரார் ‘சேதாரம் இல்லை’ என்று சொல்லிக்கொள்ளவில்லை. ‘இழந்தோம், இன்னாரை இழந்தோம்’ என்றார்கள்.

சங்கடம் எங்கே வருகிறது என்றால், இழக்கக் கூடாது என்ற விரதம், இழக்கவில்லை என்ற பெருமையாக மாறுகிற இடத்தில் வருகிறது. விரதம் இருக்கிறவன் ஆளைப் பார்க்கிறான். பெருமை கொள்கிறவன் பட்டியலைப் பார்க்கிறான். பட்டியலைச் சுத்தமாக வைத்துக்கொள்ள உலகத்தில் பல வழிகள் உண்டு. அவற்றில் ஒன்றுதான் ஆளைக் காப்பாற்றுவது.

இன்னொரு வழி, எதிர்ப்பக்கத்தைக் கணக்கில் சேர்க்காமலிருப்பது. அந்த விளையாட்டின் சேதப் பட்டியலில் இரண்டு பக்கத்துச் சேதமும் காட்டப்படுகிறது. பையன் தன் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவான். கற்பனைப் பிணங்களுக்காக அவன் அழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த விளையாட்டு வெளிவந்த அதே 1999ஆம் வருஷம், மார்ச் 24 முதல் ஜூன் 10 வரை 78 நாட்கள், கொஸோவோ விவகாரத்தில் நேட்டோ நாடுகள் யூகோஸ்லாவியாவின் மீது குண்டு போட்டன. தங்கள் விமானிகளில் ஒருவருக்கும் ஆபத்து நேரக் கூடாது என்று பெரும்பாலும் 15,000 அடி உயரத்துக்கு மேலேயே பறந்தார்கள். எதிரியின் கையால் அவர்கள் பக்கத்தில் ஒரு சிப்பாயும் சாகவில்லை. சரித்திரத்தில் அபூர்வமான சாதனை என்று எழுதினார்கள். கீழே ஏறத்தாழ 500 பொதுமக்கள் மாண்டதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பிற்பாடு கணக்கெடுத்தது. ஏப்ரல் 14ந் தேதி ஜாகோவிட்சா அருகே அகதிகள் டிராக்டர்களில் போய்க்கொண்டிருந்தார்கள். அத்தனை உயரத்திலிருந்து பார்த்தவருக்கு அவை ராணுவ வண்டிகளாகத் தெரிந்தன. விமானி பத்திரமாக வீடு திரும்பினார். அவருடைய பத்திரத்துக்கு விலை கொடுத்தவர்கள், அவர் யாரைக் காப்பாற்றப் போனாரோ அவர்களே.

அந்த யுத்தம் நியாயமா அநியாயமா என்பது வேறு விசாரணை. நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: சேதாரம் மறையவில்லை, பத்தி மாறியது.

இதற்கு ஐரோப்பா வரை போவானேன்? பாரதக் கதையிலேயே இருக்கிறது. பதினெட்டு அக்குரோணி சேனை மோதி, இரு தரப்பிலும் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே மிஞ்சினார்கள். ஆனால் ஐவரும் பிழைத்தார்கள். அந்த வகையில் கண்ணன் ஒருவரையும் இழக்காமல் ஆடியவன்தான். எப்படி ஆடினான்? கர்ணனிடமிருந்த, ஒரே ஒருமுறை எறியக்கூடிய சக்தியாயுதம் அர்ஜுனனுக்கு என்று வைத்திருந்தது. அது இரவுப் போரில் கடோத்கசன் மேல் பாய்ந்தது. பாண்டவர் பாசறை அழுதுகொண்டிருக்க, கண்ணன் மகிழ்ந்தான் என்கிறது கதை. வனத்தில் பிறந்து, வனத்தில் வளர்ந்து, கூப்பிட்டபோது ஓடிவந்த பிள்ளை அவன். ஐவர் என்ற பட்டியலில் அவன் இல்லை. தமிழ்நாட்டார் ஒரு படி மேலே போய், யுத்தம் தொடங்குமுன்பே களப்பலியான அரவானைப் பற்றிப் பேசினார்கள். அவனும் அர்ஜுனனின் பிள்ளைதான். அவனும் பட்டியலுக்கு வெளியே. ஆனால் நம் ஜனங்கள் அவனை விட்டுவிடவில்லை. சித்திரை மாதம் கூவாகத்தில் இன்றைக்கும் அவனுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, தாலி அறுத்து அழுகிறார்கள். கண்ணனின் வெற்றிக்கு யார் சேதாரம் கொடுத்தார்கள் என்று அந்த ஒப்பாரி வருஷா வருஷம் ஞாபகப்படுத்துகிறது.

அப்படியானால் இழப்பில்லாத வெற்றி என்பதே பொய்யா? பொய்யென்று சொல்ல எனக்கு மனமில்லை. ஏனென்றால் சின்ன வயசில் என் அம்மாயி எனக்கு ஆடுபுலி ஆட்டம் கற்றுக்கொடுத்திருக்கிறாள்.

கோயில் திண்ணையிலும் மலைப்பாறையிலும் கீறியிருக்கும் அந்தக் கட்டத்தை அறியாதவர் இந்தப் பக்கத்தில் குறைவு. இருபத்து மூன்று புள்ளிகள்; மூன்று புலிகள்; பதினைந்து ஆடுகள். பக்கத்திலிருக்கும் ஆட்டைத் தாண்டி அப்பால் உள்ள காலி இடத்தில் குதித்தால் புலி அந்த ஆட்டை வெட்டிவிடும். ஆடுகளோ எதையும் வெட்ட முடியாது. எல்லா ஆடுகளையும் கட்டத்தில் வைத்து முடிக்கும் வரை நகரக்கூட முடியாது. பிறகு மெல்ல நெருங்கி, புலிகளுக்கு நகர இடமில்லாமல் கட்ட வேண்டும். அதுதான் ஆடுகளின் வெற்றி. யோசித்துப் பாருங்கள், சதுரங்கத்திலிருந்து கம்ப்யூட்டர் வரை எத்தனை யுத்த விளையாட்டுகளில் கொல்லாத கட்சி ஜெயிக்க முடிகிறது? இதில் ஆடு ஜெயிக்கும்போது மூன்று புலிகளும் உயிரோடுதான் நிற்கின்றன. ஓர் ஆட்டையும் விடாமல் அம்மாயி புலிகளைக் கட்டிய ஆட்டங்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த ஆட்டத்தின் முடிவில் இரு பக்கத்திலும் சேதம் இல்லை.

அம்மாயியின் சூத்திரம் ஒன்றே ஒன்று: “பின்னால ஆள் நிக்கிற ஆட்டைப் புலி தொடாது சாமி.” விதிப்படியும் அது சரி, ஆட்டுக்குப் பின்புறம் இடம் காலியாக இருந்தால்தானே புலி தாண்டிக் குதிக்க முடியும்? தனியாக விடப்பட்ட ஆடுதான் சாகிறது. நெருங்கி நிற்கிற ஆடு பிழைக்கிறது.

இந்த ஆட்டத்தை இந்த மண்ணிலேயே மனிதர்களை வைத்து ஆடியவர் ஒருவர் உண்டு. சேலத்தில் வக்கீலாக இருந்து, 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி, 1930 ஏப்ரல் 13ந் தேதி திருச்சியிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு வேதாரண்யத்துக்குப் புறப்பட்டார். வழிநடைப் பாட்டை எழுதிக் கொடுத்தவர் நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை. ஆயுதத்தையும் குருதியையும் விலக்கிய போர் இது என்பதே அந்தப் பாட்டின் சாரம். தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். பின்னால் ஆள் நிற்பது என்று அம்மாயி சொன்னது இதைத்தான். வேதாரண்யத்தில் நாவிதர் வைரப்பன், தாம் சவரம் செய்துகொண்டிருப்பது போலீஸ்காரருக்கு என்று தெரிந்ததும் பாதியில் கத்தியை மடக்கிவிட்டார். அதற்காகச் சிறைக்கும் போனார். ஏப்ரல் 30ந் தேதி உப்பள்ளிய ராஜாஜியும் கைதானார்.

இதில் சேதாரம் இல்லையா? இருந்தது. அடியும் சிறையும் சேதாரந்தான். ஆனால் அந்தச் சேதாரத்துக்கும் மற்றதற்கும் வித்தியாசம் உண்டு. இழந்தவர்கள் தெரிந்தே, தாமாக வந்து இழந்தார்கள். கூட்டி வந்தவர் 15,000 அடி உயரத்தில் நிற்கவில்லை. கூடவே நடந்தார், தாமும் சிறைக்குப் போனார். எதிரியின் உயிரையும் தம் பட்டியலில் சேர்த்தே கணக்குப் பார்த்தார்கள். இந்தக் கடைசி விதியை எழுதியவர் காந்தி. 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் 22 போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டபோது, தேசம் முழுவதும் சூடேறியிருந்த இயக்கத்தையே அவர் நிறுத்தினார். செத்தது எதிர்க் கட்சிக்காரர், ஜெயம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகச் சகாக்கள் நினைத்தார்கள், பலருக்குக் கோபம். நிறுத்தியதால் செத்தவர்கள் எழுந்து வரவில்லை. பழைய இடத்துக்குத் திரும்பி ஆடும் வசதி காந்திக்குக் கிடையாது. அது நமக்கும் கிடையாது.

கதை எழுதுகிறவனான எனக்கு அந்த வசதி கொஞ்சம் உண்டு. ஒரு பாத்திரத்தை இருபதாம் அத்தியாயத்தில் சாகடித்துவிட்டு, மனசு கேட்காமல் பத்தாம் அத்தியாயத்துக்குத் திரும்பி அவளைப் பிழைக்க வைக்கலாம். அதனால்தான் எழுத்தாளர்களிடமும் விளையாட்டுப் பிள்ளைகளிடமும் ராஜ்யத்தை ஒப்படைக்கக் கூடாது என்று சொல்லத் தோன்றுகிறது. அழித்து எழுதிப் பழகிய கை அது.

ஆனால் ராஜ்யம் வேண்டாம், ஒரு பள்ளிக்கூடம் போதும், இதே ஆட்டத்தை ஆட.

நாமக்கல் வட்டாரம் லாரிக்கும் முட்டைக்கும் பேர் போனது போலவே விடுதிப் பள்ளிகளுக்கும் பேர் போனது. ஜூன் மாதத்தில் சாலையோரமெங்கும் பலகைகள் நிற்கும்: ‘நூறு சதவீதத் தேர்ச்சி’. அதாவது, ஒரு சிப்பாயையும் இழக்காத படை. 2017ல் தமிழக அரசு மாநில அளவிலான ரேங்க் பட்டியலை வெளியிடுவதை நிறுத்தியது. நூறு சதவீதப் பலகை மட்டும் போகவில்லை.

பல பள்ளிகளில் இது ஆசிரியர்களின் இரவு பகல் உழைப்பு. அவர்களுக்கு என் வணக்கம். மக்குப் பையன் என்று ஊர் தள்ளியவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கரையேற்றுகிறவர்கள் ஆட்டுக்குப் பின்னால் நிற்கிறவர்கள். ஆனால் வேறொரு மாதிரியும் நடக்கிறது. என் நண்பர் ஒருவரின் மகன் ஒன்பதாம் வகுப்பு முடித்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். பையனுக்குக் கணக்கு வராது, பத்தாம் வகுப்பில் தேறமாட்டான், நீங்களாகவே டி.சி. வாங்கிக்கொண்டால் மரியாதை என்றார்கள். “மத்தப் பிள்ளைங்க நல்லதையும் நாங்க பாக்கணுங்களே” என்று மிகவும் அடக்கமாகவே சொன்னாராம் அங்கிருந்தவர்.

இதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். தயாராகாதவனைக் களத்துக்கு அனுப்பாமல் நிறுத்துவதும் தளபதியின் கடமை அல்லவா? கடமைதான். நோயாளிச் சிப்பாயைப் பின்வரிசையில் வைத்துப் பார்த்துக்கொள்வது தர்மம். ஆனால் அவனை நிறுத்துவது அவன் சாகாமலிருக்கவா, பட்டியல் கறைபடாமலிருக்கவா என்பதுதான் கேள்வி. அவனுக்காக என்றால் இன்னும் ஒரு வருஷம் வைத்துக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். இங்கே நடந்தது, சண்டைக்கு முதல் நாள் இரவில் ஒருவனைப் பாசறையிலிருந்து வெளியே தள்ளிவிட்டு, மறுநாள் மாலை ‘சேதம்: ஒருவருமில்லை’ என்று முரசறைவது. களப்பலி கொடுத்தவர்கள் அரவானை வணங்கவாவது செய்தார்கள்.

ஆகவே நான் வந்துசேர்ந்த முடிவு இது. ஒருவரையும் இழக்கக் கூடாது என்று ஆசைப்படுங்கள். அதைவிட நல்ல ஆசை தலைவனுக்குக் கிடையாது. இழப்பு நேர்ந்தால் அதை உங்கள் பெயரில் எழுதுங்கள். அடுத்த பத்திக்குத் தள்ளாதீர்கள். இழப்பே இல்லை என்று ஒருவன் பலகை மாட்டினால் மட்டும், பலகைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள்.

என் நண்பரின் மகன் வேறொரு ஊரில் அரசுப் பள்ளியில் சேர்ந்து படித்தான். இப்போது லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறான். கை நேர்த்தியான வேலைக்காரன் என்று சொல்கிறார்கள். அவனோடு படித்தவர்கள் பத்தாம் வகுப்பு எழுதிய வருஷம் பழைய பள்ளியின் வாசலில் நூறு சதவீதப் பலகை நின்றது. தேறியவர் பட்டியலில் அவன் பெயர் இல்லை. தவறியவர் என்று ஒரு பட்டியலே இல்லை. எடுத்தனூர் நாய்க்குக் கிடைத்த கல்கூட அந்தப் பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் கிடைக்கவில்லை.